தேத்தாங்கொட்டையும் கடல்மீனும்

மலைமேல் கடல்மீன் வளர்க்கிறேன் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? சிரிக்கட்டும். நெல்லிவாசல்நாட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒரு ஜோடி கோமாளிமீன், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. இதற்கு முன் இரண்டு தடவை முட்டையிட்டு, தாங்களே தின்று தீர்த்துவிட்டன. இந்தத் தடவை கல்லில் ஒட்டியிருந்த முட்டைகளை ஆண்மீன் இரவும் பகலும் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. ஒரு குஞ்சையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் மஞ்சளடித்தது. மீனின் கழிவும் மிச்சத் தீனியும் கரைந்தால் அப்படி ஆகும், வடிகட்டியில் கரி போட்டால் சரியாகும். என்னிடம் கரி தீர்ந்திருந்தது. ஷேர் ஜீப் பிடித்துத் திருப்பத்தூர் போய், வண்ணமீன் கடையில் வாங்கி வந்தேன்.

திரும்பி வந்தால் தொட்டி கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. பெண்மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

"இன்னாங்க பண்ணீங்க?"

என் கணவர் பெருமையாகச் சொன்னார்: "தேத்தாங்கொட்டைய உரசி ஊத்துனேன். கெணத்துத் தண்ணி கலங்குனா அதுலதானே தெளியுது?"

"சேறுன்னா அடியில படியும். இது கரைஞ்ச நெறங்க!"

கத்தித் தீர்த்தேன். எங்கள் பக்கத்தில் கலங்கிய தண்ணீருக்கு அதுதான் வைத்தியம், நானும்தான் குடத்தில் உரசுகிறேன். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. டிரம்மை இழுத்து வந்தார். கேன் தண்ணீரில் கடலுப்புப் பொடியைக் கொட்டி, களி கிண்டும் கட்டையைக் கழுவி வந்து கலக்கினார். நான் உப்பின் அளவைச் சரிபார்த்தேன். பாதித் தொட்டியை டியூபால் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீரை மெல்ல ஊற்றினோம். வடிகட்டியில் கரி போட்டேன். அப்போதும் முட்டை இருந்த கல் கண்ணுக்குத் தெரியவில்லை.

விடிந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அவர்தான் கூப்பிட்டார்.

"சீக்கிரம் வா! ஆம்பள மீனு அங்கேயேதான் கீது. இன்னும் விசிறிக்கினே இருக்குது."

ஓடினேன். பெண்மீனும் கீழே இறங்கியிருந்தது. லேசான மங்கலுக்குள் கல் தெரிந்தது. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளிப் பொட்டாக இரண்டு கண்கள் வந்திருந்தன.