அக்காவின் கேக்கும் அசையாத காரும்

"…கார் நாளைக்கும் நிக்கும், கேக் நிக்காது! இன்னும் அரை மணித்தியாலம் போனால் ஐசிங் எல்லாம் வழிஞ்சு என்ரை சீலையிலைதான் வந்து சேரும்!"

சத்தம் கேட்டு நான் வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டு அக்காவின் பேச்சு இந்த இடத்தில் போய்க்கொண்டிருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் காலை ஒன்பது மணிக்கே தார் சுடும். காரின் பின் ஆசனத்தில் அக்கா, அவருக்குப் பக்கத்தில் மூன்று தட்டுக் கல்யாணக் கேக். கைப்பேசியில் பார்த்துப் பார்த்துப் பழகி, வெளியாருக்கென்று அவர் செய்த முதல் கேக் அது. பத்தரைக்குள் வத்தளை மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும். முன்னால் அவருடைய கணவர், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுபவர், சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். கார் இருமக்கூட இல்லை.

"பெட்டரி தான் அய்யே," என்றார் அண்ணையிடம், சந்தியில் ஓட்டோ ஓட்டும் சிங்கள நண்பர். "தள்ளினா ஸ்டார்ட்."

"தள்ளுறதோ? மேல்தட்டிலை சீனி மாப்பிள்ளையும் சீனிப் பொம்பிளையும் நிக்கினம். விழுந்தால் கலியாணம் இந்த ஒழுங்கையோடை முடிஞ்சுது!" என்றார் அக்கா.

எனக்கு ஒருவரும் வாகன வேலை சொல்லித் தரவில்லை. பத்து வருடம் ஒரு பழைய காரோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதுதான்.

"அண்ணை, ஹோர்னை ஒருக்கா அடியுங்கோ."

அடித்தார். மதிலில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. அப்படியென்றால் பெற்றரியில் பிழை இல்லை. பெற்றரி இறங்கியிருந்தால் விளக்கு மங்கும், 'டிக் டிக்' என்று இழுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் பழுதென்றால் பெரும்பாலும் 'டக்' என்று ஒரு சத்தமாவது வரும். இங்கே ஒன்றுமே இல்லை. சாவி சொல்வது மோட்டாருக்குப் போய்ச் சேராமல் நடுவில் எதுவோ மறிக்கிறது.

"கடைசியாய் எப்ப ஸ்டார்ட் ஆனது?"

"இப்பதான் தம்பி! வாசல் கேற்றாலை வெளியிலை எடுத்து, பிரேக் பிடிச்சு நிப்பாட்டினனான். அதுக்குப் பிறகு நடந்தது கேக் ஏத்தினது ஒண்டுதான்."

"ஓ, என்ரை கேக்கிலைதான் பழி! மூண்டு கிலோ பட்டருக்குக் கார் பயந்துபோச்சுதாக்கும்!"

கார் அவர்களுக்குப் புதிது. போன கிழமைதான் வாங்கி, கோயிலில் பூசை செய்து, முன்னால் ஒரு சின்ன முருகனை ஒட்டியிருந்தார்கள். இந்த வகைக் காரில் கிளச்சை அடிவரை மிதிக்காவிட்டால் சாவி வேலை செய்யாது.

"கிளச்சை மிதிக்கிறீங்களோ அண்ணை?"

"முப்பது வருசமாய் ஓடுறன். என்னட்டைக் கிளச் கேக்கிறாய்!"

"ஒருக்கா இறங்குங்கோ. நான் இருந்து பாக்கிறன்."

முறைத்துக்கொண்டே இறங்கினார். தார் சுட்டதும் ஒரு துள்ளுத் துள்ளினார். அப்போதுதான் கவனித்தேன், வெறுங்கால். நான் ஏறி மிதித்தேன். கிளச் முக்கால்வாசி போய், மெத்தென்று எதிலோ முட்டி நின்றது. குனிந்து கையை விட்டேன். அண்ணையின் புது ரப்பர் செருப்பு, ஒற்றைக் கால்.

"முருகன் முன்னாலை இருக்கேக்கை செருப்புக் காலோடை எப்பிடி ஓடுறது? கழட்டிச் சீற்றுக்குக் கீழை வைச்சனான்," என்றார் அண்ணை, தரையைப் பார்த்துக்கொண்டு. பிரேக் பிடித்த வேகத்தில் அது சறுக்கி முன்னால் வந்து கிளச்சுக்கடியில் ஒதுங்கியிருக்கிறது.

செருப்பை எடுத்துவிட்டு மிதித்தேன். சாவியைத் திருப்பியதும் கார் குளிர்காற்றோடு உயிர்த்தது. ஓட்டோக்காரர் கைதட்டினார். நான் இறங்க, அண்ணை அவசரமாக ஏறிக்கொண்டு, செருப்புக்குக் கையை நீட்டினார். அதற்குள் பின் யன்னலால் ஒரு கை வந்து என்னிடமிருந்து அதைப் பறித்தது.

"மற்றதையும் எடுங்கோ," என்றார் அக்கா.

"எடியேய், வெறுங்காலோடையோ கலியாண மண்டபத்துக்கு வாறது?"

"முருகனுக்கு முன்னாலை சரியெண்டால் மாப்பிள்ளைக்கு முன்னாலையும் சரிதான். இன்னொருக்கா பிரேக் பிடிச்சு இது கிளச்சுக்குக் கீழை போனால், என்ரை கேக்குக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அண்ணை குனிந்து மற்றச் செருப்பையும் எடுத்துக் கொடுத்தார். அக்கா இரண்டையும் சோடியாக என் கையில் வைத்தார். பிறகு, குளிர் வெளியே போய்விடாமல், கண்ணாடியை இறுக ஏற்றிவிட்டார்.