என் தங்கை எடுத்த மூன்றாவது படம்

பிடிவாதத்தில் எங்கள் குடும்பத்தில் முதலிடம் யாருக்கு என்று எனக்கும் என் தங்கைக்கும் சின்ன வயதிலிருந்தே போட்டி. நாற்பத்தொன்பது வயதுவரை நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த நினைப்பு தூள்தூளானது. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்கிற கதை இல்லை இது. பட்டறைக்கு வருகிறவர்களை உட்கார வைத்து நானே வலியச் சொல்கிற கதை.

நான் மோட்டார்சைக்கிள் மெக்கானிக். வாரநாட்களில் ஊரார் வண்டிகள், சனி ஞாயிறில் டிராக் ரேஸ் வண்டிகள். டிராக் ரேஸ் என்றால் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. நேர்கோடாக நானூறு மீட்டர் சாலை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வண்டி. பச்சை விளக்கு எரிந்தால் கிளம்ப வேண்டும், முதலில் போய்ச் சேருகிறவர் ஜெயித்தார். பதினோரு விநாடி, பன்னிரண்டு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்காக வாரம் முழுக்கக் கிரீஸில் குளிக்கிற பைத்தியங்கள் நாங்கள்.

என் தங்கை அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் அதே ஸ்டூல், அதே வெள்ளைத் திரை. "நேராப் பாருங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் சோறு பரிமாறும்போதுகூட மச்சானிடம் அதையே சொல்வாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அந்த மனுஷனும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். நான் வீட்டில் மறந்துவிட்டுப் போன ஸ்பேனர் பெட்டிச் சாவியைக் கொடுக்க ஒருநாள் ரேஸ் தடத்துக்கு வந்தாள். வந்தவள் சாவியைக் கொடுக்க மறந்து, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை நின்றாள். அத்தனை நேரமும் நான் பெட்டியைத் திறக்க முடியாமல் ஊரார் ஸ்பேனரைக் கடன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கேமராவோடு வந்து நின்றாள். பாய்கிற வண்டியைப் படம் பிடிக்க வேண்டுமென்றால் ஷட்டரை எவ்வளவு வேகமாக வைக்க முடியுமோ அவ்வளவு வேகமாக வைப்பதுதானே புத்திசாலித்தனம்? அப்படித்தான் வைத்தாள். படங்கள் கண்ணாடி போல இருந்தன. சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியையும் எண்ணலாம். கோளாறே அதுதான். மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டரில் போன வண்டி, கடைவாசலில் நிறுத்தி வைத்த வண்டி மாதிரி இருந்தது. "என்னம்மா, ஸ்டாண்டு போட்டு எடுத்தியா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நான் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். பத்துப் பேர் முன்னால் கேட்டதால் அன்றைக்கே அவளுக்கு 'ஸ்டாண்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் என்னிடம் நான்கு நாள் பேசவில்லை.

பேசாத அந்த நான்கு நாளில் அவள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஷட்டர் மெதுவாகத் திறந்து மூட வேண்டும். அது திறந்திருக்கிற நேரம் முழுக்க, கேமரா வண்டியோடு அதே வேகத்தில் திரும்ப வேண்டும். அப்படிச் செய்தால் வண்டி மட்டும் தெளிவாக நிற்கும். சக்கரக் கம்பிகள் சுழன்று கலங்கிப்போகும். பின்னால் இருக்கிற சுவரும் ஜனங்களும் கோடுகோடாக ஓடுவார்கள். பார்க்கிறவன் காதில் சத்தமே கேட்கும். கை இம்மி பிசகினாலும் மொத்தமும் குழம்பிவிடும்.

அதற்காக அவள் செய்த பயிற்சியை என்னவென்று சொல்ல! காலையில் தெருமுனையில் நின்றுகொண்டு சைக்கிள், பால் வண்டி, குப்பை லாரி என்று ஒன்றையும் விடமாட்டாள். பாதம் இரண்டும் தரையில் அறைந்த மாதிரி இருக்கும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும். இடுப்பு மட்டும் திரும்பும். மூச்சில் பாதியை விட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவாள். அழுத்திய பிறகும் நிற்காமல் திரும்பிக்கொண்டே இருப்பாள். தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலும் இதே கூத்துத்தான், மச்சான் குனிந்து குனிந்துதான் உள்ளே போய் வருவார். விடுமுறை நாளில் காலி மைதானத்தில் அவரை நாற்பது தடவை வேனை ஓட்டச் சொன்னாள். மனுஷன் வாய் திறக்காமல் ஓட்டினார். ஏன் மச்சான் இந்தப் பாடு என்று கேட்டதற்கு, அவள் சிரித்து ரொம்ப நாளாச்சு மாப்பிள்ளை, இப்ப சிரிக்கிறா என்றார்.

ஒன்றரை வருடத்தில் ஸ்டுடியோ வேலையை விட்டாள். இரண்டாவது வருட முடிவில், ஓட்டம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றுகிறவர்கள் நேரம் காட்டும் பலகையைப் பார்க்கும் முன்பு அவளைத் தேடி வந்தார்கள். தோற்றவனும் வருவான். தோற்றவன் வண்டியும் அவள் படத்தில் பறக்கும் அல்லவா! இதையெல்லாம் நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மனசுக்குள் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்தது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை. என் பட்டறையில் தயாரான வண்டியை ஓட்டியவர் அதன் சொந்தக்காரரான ஒரு பல் டாக்டர். நாற்பது வயதுப் பெண்மணி. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்துவிட்டு ஞாயிறன்று இங்கே வந்து வாய்விட்டுக் கத்துவார். பெட்ரோல் டேங்கில் தன் மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைக்கூட எழுதி வைத்திருந்தார். ஆறு வருடமாக ஓட்டுகிறார், இறுதி ஓட்டத்துக்கு வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. காலையில் ஒரு ஓட்டம், மதியம் ஒன்று, அரையிறுதி ஒன்று, மூன்றும் ஜெயம். இறுதி ஓட்டத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. நான் தலைகால் புரியாமல் துள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்போது தங்கை வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. கேமராவின் பின்திரையில் மூன்று படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிதாக்கிக் காட்டினாள். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிற நட்டு. சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் அந்த நட்டு வண்டியோடு வண்டியாகத் தெளிவாக நிற்க வேண்டும். காலைப் படத்தில் அப்படித்தான் நின்றது. மதியப் படத்தில் அதன் ஓரம் லேசாகக் கலங்கியிருந்தது. மூன்றாவது படத்தில் ஒரு நட்டு இரண்டாகத் தெரிந்தது.

நான் ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தேன். நட்டு கல்லு மாதிரி இறுகியிருந்தது. சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன் கைதான் ஆடியிருக்கிறது, இந்த நேரத்தில் வந்து ஏன் உயிரை வாங்குகிறாய் என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. அதே படத்தில் டேங்கைப் பெரிதாக்கினாள்.

"என் கை ஆடியிருந்தா மொத்தப் படமும் ஆடியிருக்கும். இந்த நம்பரைப் படி."

படித்தேன். பத்து எண்ணும் அச்சடித்த மாதிரி இருந்தன. அவள் கேட்டாள், அப்படியானால் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைதான் ஆடுகிறது, அதைத் திறந்து பார்ப்பாயா மாட்டாயா என்று.

அங்கேதான் எனக்குச் சுட்டது. பின்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையை டிராக் வண்டிகளில் நீட்டி வைப்போம், கிளம்பும்போது முன்சக்கரம் மேலே எழும்பக் கூடாது என்பதற்காக. அதை வெட்டி, துண்டு சேர்த்து, வெல்டிங் வைத்தது நான். இருபத்தாறு வருடத்தில் என் வெல்டிங் விட்டதாக ஒருவர் சொன்னதில்லை. அந்த வெல்டிங்கின் மேல் ஒரு தகடு மூடியிருக்கும். தகட்டைக் கழற்ற வேண்டுமென்றால் செயினைக் கழற்றி, சக்கரத்தைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். கழற்றினால் இறுதி ஓட்டம் போச்சு. உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தால், ஆறு வருடக் கனவை ஒரு கலங்கிய நட்டுக்காகக் கெடுத்தவள் என்ற பேர் அவளுக்கு ஆயுசுக்கும் போகாது. அப்புறம் அந்தத் தடுப்புச் சுவரோரம் அவள் எந்த முகத்தோடு வந்து நிற்பது?

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, தெரிந்துதான் பேசுகிறாயா என்று கேட்டேன். தெரிந்துதான் பேசுகிறேன் என்றாள். வண்டி உன்னுடையதில்லை, என்னுடையதுமில்லை, ஓட்டப்போகிறவரிடம் கேட்போம் என்று அவளே டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் கையுறையோடு வந்து மூன்று படங்களையும் பார்த்தார். எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி திரையை வெளிச்சத்துக்குத் திருப்பி, முதலாவது, மூன்றாவது, மறுபடி முதலாவது என்று நிதானமாகப் பார்த்தார். பச்சை விளக்குக் கம்பத்தின் பக்கம் ஒலிபெருக்கியில் எங்கள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க கை ஆடலைன்னு உறுதியாச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"ஆடல டாக்டர். வண்டிதான் ஆடுது."

டாக்டர் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். "கழட்டிடுங்க அண்ணா" என்றார்.

கழற்றினேன். கோபத்தோடுதான் கழற்றினேன், பொய் சொல்வானேன். ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும்போதும் இவளை என்ன சொல்லித் திட்டுவது என்று வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். எதிராளி தனியாக ஓடி முடித்து ஜனங்கள் கைதட்டிய சத்தம் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. டாக்டர் தடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியாகத் தகட்டை எடுத்தேன்.

என் வெல்டிங்கின் ஓரமாக, ஆள்காட்டி விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. ஸ்பேனரை அடியில் கொடுத்து நெம்பியதும் விரிசல் வாயைத் திறந்தது. ஒட்டிக்கொண்டிருந்தது சுண்டுவிரல் நகம் அளவு இரும்பு. இன்னும் ஒரு ஓட்டத்தில், நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில், பின்சக்கரம் தனியாகவும் டாக்டர் தனியாகவும் போயிருப்பார்கள்.

டாக்டர் குனிந்து விரிசலை நகத்தால் ஒருமுறை தடவினார். பிறகு எழுந்து தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தங்கை அழவில்லை, ஆனால் கை இரண்டும் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தன. கேமராவைப் பிடிக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அவள் தலையில் கையை வைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் நடுவர் அட்டையும் பேனாவுமாக வந்தார். இறுதி ஓட்டத்துக்கு வராத வண்டிக்குக் காரணம் எழுத வேண்டும். சுற்றிலும் மற்றப் பட்டறைக்காரர்கள் கூடிவிட்டார்கள். இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் ஒன்றுதான் சொல்வது வழக்கம்: இன்ஜின் கோளாறு. அதை யாரும் நோண்டிக் கேட்க மாட்டார்கள். நடுவரும் 'இன்' என்று பாதி எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எழுதினதை அடிக்கச் சொன்னேன். வெல்டிங் விரிசல் என்று எழுதச் சொன்னேன்.

அடித்துவிட்டு எழுதினார். பிறகு, வெல்டிங் யார் வைத்தது என்று கேட்டார்.

"நான்தான் வெச்சேன்" என்றேன்.

"வெளியில தெரியலையே, யாரு கண்டுபிடிச்சது?"

"என் தங்கச்சி" என்றேன். அது மட்டும் பின்வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வந்தது.