இடைவேளையில் உட்காராத ரெஃபரி

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு வியாபாரம் செய்யும், ஊரே அண்ணன் முறையில் 'இக்கா' என்று கூப்பிடும் அமீருதீனுக்குக் கால்பந்து என்றால் உயிர். பகலெல்லாம் கல்லாவே கதி என்று கிடப்பவர், சாயங்காலமானால் விசிலும் கையுமாக மைதானத்தில் நிற்பார். அப்படிப்பட்டவரின் வலது குதிகாலில்தான் வலி வந்து குடியேற வேண்டுமா?

வேடிக்கை என்னவென்றால், ஓடும்போது வலி அடங்கிவிடும். உட்கார்ந்து எழுந்தால் உயிர் போகும். உள்ளூர்க் கோப்பையின் அரையிறுதியில், இடைவேளை முடிந்ததும் அவர் நொண்டிய நொண்டலில் ஓர் ஆஃப்சைடு கண்ணில் படாமலே போனது. ஊரே ஊளையிட்டது. "ஃபைனல்லயும் நொண்டினா வேற ஆளை இறக்கிருவோம் இக்கா" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார் கமிட்டிச் செயலாளர் வெங்கிடேஷ். பயந்துபோன அமீருதீன் கடையில் காலை நீட்டி ஓய்வெடுத்தார். வலி கூடியதுதான் மிச்சம்.

கடைசியில் அவர் போய்ப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் ஸாதனா, அதைக் கேட்டுச் சிரித்தாள். "உள்ளங்கால்ல குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் ஒரு பட்டை இருக்கு இக்கா. உக்காந்தா, ஒறங்கினா அது இறுகிப் போகும். எழுந்து வைக்கற முதல் அடியில வெடுக்குனு இழுபடும், அதான் அந்த வலி. கொஞ்சம் நடந்தா இளகிடும். எழுந்திருக்கறதுக்கு முன்னாடி விரலைப் பிடிச்சு மேல இழுத்து விடுங்க. ஃபைனல் முடிஞ்சதும் ஓட்டத்தையும் குறைக்கணும், கேட்டேளா?"

இறுதிப் போட்டி. முதல் பாதியில் கோல் இல்லை. இடைவேளையில் வழக்கம்போல மேடை, பொன்னாடை, பேச்சு. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தால் லேசில் விடுகிற ஆளில்லை. ரெஃபரிக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அமீருதீன் அதில் உட்காரவில்லை. பொன்னாடையோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மேடைக் கம்பைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீட்டி நீட்டி இழுத்தார். கூட்டம் சிரித்தது.

"உக்காருங்க இக்கா, மானக்கேடு" என்று வெங்கிடேஷ் பல்லைக் கடித்தார்.

"உக்காந்தாத்தான் மானக்கேடு."

விசில் ஊதியதும் முதல் பந்தே நெடுக்கப் பறந்தது. அமீருதீன் காலை ஊன்றினார். வலி சுருக்கென்று எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். பிய்த்துக்கொண்டு ஓடினார். சந்தோஷத்தில் அவருக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கோல் வாசலில் தடுப்பாட்டக்காரன் அப்ஸல் பந்தைக் கையால் தட்டினான். பெனால்டி விசில் பறந்தது.

மைதானம் கொதித்தது. அப்ஸல் நடுக்கோட்டைப் பார்த்துக் கையை ஆட்டினான். "அங்க நொண்டிக்கிட்டு நிக்கற நீங்க எப்படிக் கண்டீங்க இக்கா?"

நடுக்கோட்டில் யாரும் இல்லை. அவன் திரும்பிப் பார்த்தான். கை எட்டும் தூரத்தில் அமீருதீன் நின்றுகொண்டிருந்தார். அப்ஸல் பந்தைத் தட்டிய கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.