வானத்தில் மட்டும் விடுமுறை

குளிக்கப் போகும்போது கேப்டன் தன் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கி, ஷவர் குழாயில் மாட்டிவிடுவார். மணி அடித்தால் சோப்புக் கையாலேயே பையின் மேல் ஒரு தட்டு. எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேச்சு. நுரை வழியும் காதில் போனை வைக்க முடியாதே. மறுமுனையில் யார் என்ன சொன்னாலும் இவர் பதில் ஒன்றுதான்: "அரை மணி நேரத்துல வந்துடறேன்!" கீழ் வீட்டில் இருக்கும் எனக்கே அது தெளிவாகக் கேட்கும். அடுத்த பத்தாவது நிமிடம், ஈரத் தலையும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையுமாக, சக்கரப் பெட்டி படிகளில் தடதடக்க இறங்கி ஓடுவார். எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'அரைமணி கேப்டன்' என்று பெயர். கூப்பிட்டால் கோபப்பட மாட்டார். கோபப்பட நேரமும் இருக்காது.

எட்டுப் பேர் உட்காரக்கூடிய குட்டி ஜெட் விமானம் அவருடையது. அவருடையது என்றால் ஓட்டுவது மட்டும்; விமானம் ஒரு வாடகை நிறுவனத்துடையது. நினைத்த நேரத்தில் நினைத்த ஊருக்குப் போக வசதி உள்ளவர்கள் அதை வாடகைக்கு எடுப்பார்கள். "பிளேன் ஓட்டுறது சின்ன வேலைங்க. மத்ததுதான் பெரிய வேலை" என்பார். பெட்டிகளை ஏற்றுவது, காபி கலப்பது, இருக்கைக்கு அடியில் விழுந்த ஒற்றைத் தோட்டை டார்ச் அடித்துத் தேடுவது எல்லாம் அவரும் துணை விமானியும்தான். தோளில் கேப்டனுக்கான நாலு பட்டை பளபளப்பதைப் பார்த்த பிறகும் ஒரு பயணி, "டிரைவர் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டாராம். "வந்தாச்சு. உங்க பெட்டியதான் தூக்கிட்டு நிக்கிறாங்க" என்று இவர் சொன்னாராம். சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். நமக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

பறக்கும் நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டு. பயணி எங்கோ விருந்துக்குப் போய்விட, ஓடுபாதை ஓரத்தில் ஒன்பது மணி நேரம் காத்துக் கிடப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஓய்வு நாள் என்று மாதத்தில் சில தேதிகள் தாளில் இருக்கும். அன்றும் போன் வரும். முடியாது என்று தாராளமாகச் சொல்லலாம். சொன்னவர்களுக்கு அடுத்த மாதம் முழுக்க விடியற்காலைப் பயணமாகவே வாய்க்கும். "தரையில இருக்கிற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. மேல ஏறினாத்தான் போனை ஃபிளைட் மோட்ல போடுவேன். எனக்கு லீவுன்னா அது வானத்துலதான்" என்று ஒருநாள் மாடிப்படியில் மூச்சு வாங்கியபடி சொன்னார்.

இப்படி எட்டு வருடம் போனதில், கேப்டன் எதையும் பாதிக்கு மேல் முடித்ததில்லை. பாதி மருதாணி, பாதி சினிமா, பாதி தோழி கல்யாணம். முடி வெட்டும் கடையில் நாலு முறை நடுவில் எழுந்து ஓடியிருக்கிறார். ஒருமுறை வலப்பக்கம் தோள் வரை, இடப்பக்கம் காது வரை என்ற கோலத்தில் மூன்று வாரம் தொப்பியோடு திரிந்தார். அதிலிருந்து அந்தக் கடைக்காரப் பெண் இவருக்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்: இந்தப் பக்கம் ஒரு விரல்கடை, அந்தப் பக்கம் ஒரு விரல்கடை. எந்த நிமிடம் எழுந்து ஓடினாலும் தலை பார்க்கும்படி இருக்க வேண்டுமே!

அவர் கணவர் நூலகத்தில் வேலை செய்பவர். அதிர்ந்து பேசாத மனிதர். காலைக் காபியின்போது மனைவிக்கு ஒரு துப்பறியும் நாவலை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக அதே நாவல். கொலைகாரன் யார் என்று அவருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. நீங்களே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாமே என்று கேட்டேன். கேப்டன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதெப்படி? அவரு வாசிச்சுத்தான் கேக்கணும்" என்றார். எனக்கு அப்போதுதான் இந்தப் பெண்மணியின் ஆசை என்னவென்று புரிந்தது. அவர் வாசிப்பதை, நடுவில் எழுந்து ஓடாமல், கடைசிவரை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

விமானிகளுக்குச் சங்கம் வைத்ததும் அந்த ஆசையால்தான் என்பது என் கட்சி. நிறுவனத்தில் விமானிகள் அறுபது பேர் இருந்தாலும், எந்த நேரத்திலும் ஒரே ஊரில் ஒன்பது பேர் இருந்தால் அதிகம். முதல் கூட்டத்துக்கு வந்த ஒன்பது பேரிலும் நாலு பேரைத் தலைவர் தேர்வுக்கு முன்பே போனில் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் கேப்டனைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பினார்கள். கேட்டது இரண்டே இரண்டு. காத்திருக்கும் நேரத்துக்கும் சம்பளம். மாதத்தில் ஏழு நாள், போனே வராத நிஜமான விடுமுறை. இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

பத்து மாதம் இழுத்தது. நடுவில் ஒரு பயணியின் நாய் கைகொடுத்தது. அந்த நாயை நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பறக்க வைக்கக் கூடாது, நடுவில் இறக்கி உலாத்த விட வேண்டும், தூங்கும்போது எழுப்பக் கூடாது என்று நிறுவனமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது. அந்தத் தாளின் நகலை மேசையில் வைத்த கேப்டன், "எங்களுக்கு இவ்வளவுகூட வேணாம் சார். உலாத்த நாங்களே போயிக்குவோம்" என்றாராம். அந்த வாரமே காத்திருப்புச் சம்பளத்துக்கு நிறுவனம் தலையாட்டிவிட்டது.

ஏழு நாள் விடுமுறைதான் பிடிவாதமாக நின்றது. கடைசி அமர்வில் நடந்ததைத் துணை விமானி எங்கள் வாசலில் நின்று நடித்தே காட்டினார். மேலாளர் மிக மரியாதையானவர். பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பேசினாராம். "ஓய்வு நாள்ல நாங்க யாரையும் தொந்தரவு பண்றதே கிடையாது மேடம். இல்லாத பிரச்சினைக்கு எதுக்கு ஒரு விதி?"

அன்று கேப்டனுக்கு ஓய்வு நாள். சரியாக அந்த நேரத்தில் மேசை மேல் இருந்த போன் அடித்தது. பழகின கை, ஒரு தட்டு. ஸ்பீக்கரில், அறை முழுக்கக் கேட்கும்படி, நிறுவனத்தின் பயண ஏற்பாட்டுப் பெண்ணின் குரல்: "கேப்டன் மேடம், இன்னைக்கு உங்களுக்கு லீவுதான், தெரியும். ஆனா ஒரு அவசரம்…"

"அரை மணி நேரத்துல வந்துடறேன்!"

சொன்னது மட்டுமில்லை. நாற்காலியைத் தள்ளி, பையைத் தோளில் போட்டு, கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார் நம் கேப்டன். துணை விமானி பாய்ந்து பை வாரைப் பிடித்து, "அக்கா! எங்க போறீங்க? நாம சண்டை போட்டுட்டு இருக்கோம்!" என்று கத்தியிருக்கிறார். முதலில் சிரித்தவர் நிறுவனத்தின் வக்கீல். தேநீர் புரையேறி, மேலாளரே அவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. தட்டி முடித்த மேலாளர் போனைப் பார்த்து, "வேற யாரையாவது பாரும்மா" என்றார். பிறகு பேனாவை எடுத்து, விடுமுறை விதி இருந்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒப்பந்தத்துக்கு எல்லாரும் வாக்களித்தார்கள், பாதிப் பேர் ஓடுபாதை ஓரத்திலிருந்து. கேப்டனுக்கு மட்டும் வெட்கம் போகவில்லை. "பத்து மாசம் பேசிப் பேசி நடக்கல. ஓடப் பார்த்தேன், நடந்துடுச்சு" என்று முகத்தை மூடிக்கொண்டார். விரலிடுக்கில் சிரிப்பு வழிந்தது.

முதல் விடுமுறை நாள் காலையில் நேரே முடி வெட்டும் கடைக்குப் போனார். கணவரும் கூடவே, சாட்சிக்கு நான். கடைக்காரப் பெண் துணியைக் கழுத்தில் கட்டி, வழக்கப்படி வலப்பக்கம் ஒரு விரல்கடை வெட்டிவிட்டு இடப்பக்கம் வந்தார்.

"வேணாம்மா" என்றார் கேப்டன். "அந்தப் பக்கத்தை முழுசா முடிச்சுட்டே இந்தப் பக்கம் வாங்க."

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. "நிஜமாவா? அப்புறம் நடுவுல எந்திரிச்சா நான் பொறுப்பில்ல."

கேப்டன் துணிக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். கட்டைவிரலால் திரையை இழுத்து, தரையில் இருக்கும்போதே முதன்முறையாக அதை ஃபிளைட் மோடில் போட்டார். பக்கத்து நாற்காலியில் கணவர் நாவலின் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேப்டன் தலையை இடப்பக்கமாகச் சாய்த்துக் கொடுத்து, கண்களை மூடிக்கொண்டார்.

"ம்… படிங்க."