உலகம்மாள் பாவிய நாற்று

குத்துக்கல்வலசை உலகம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக நாற்றங்காலில் நெல் பாவுகிறாள். அவள் கை பட்டால் நாற்று ஒரே சீராக வரும் என்று பண்பொழியிலிருந்துகூட ஆள்விட்டு அழைப்பார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிறவர்களைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது.

சாரல் தொடங்கிய வாரம், குற்றாலத்தில் ஒரு விடுதியின் மேலாளர் மணிகண்டபிரபு அவளை வரச்சொன்னான். விருந்தினர்களுக்கு விவசாயம் காட்டவேண்டுமாம். முளைகட்டிய விதையைத் தன் வீட்டிலிருந்தே சாக்கில் கொண்டுபோனாள். வாசலில் பேனர்: ‘விதை தூவும் விழா.’

“தூவுததுக்கு இது என்ன திருநீறா?” என்றாள். “தண்ணின்னா தெளிக்கணும். உரம்னா வீசணும். நாத்துக்கு நெல்லைப் பாவணும். தம்பி எந்த ஊரு?”

“தென்காசிதான் அக்கா. எல்லாம் ஒண்ணுதான?”

தென்காசியில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது என்று அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

விடுதிக்குப் பின்னால் சேறடித்து வைத்திருந்த வயலில், விருந்தினர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வரப்பில் நின்றார்கள். விடுதிக்காரர்கள் தட்டில் வைத்திருந்த காய்ந்த நெல்லை அள்ளி, மணமக்களுக்கு அட்சதை போடுவதுபோல் எறிந்தார்கள். பாதி வரப்பில் விழுந்தது; மீதி ஒரே இடத்தில் குவிந்தது. ஒருவர் வீடியோவுக்காக மனைவியின் தலைமேலேயே கொட்டினார்.

“ஊறவே வைக்காத நெல்லு. இப்படிக் குமிச்சுப் போட்டா எதுக்குலே ஆவும்?”

“வெளையவா போடுதோம்? போட்டோவுக்குத்தான் அக்கா.”

எல்லோரும் டிபன் சாப்பிடப் போனதும், சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். கடைசிப் பாத்தியில் தன் விதையை, விரலிடுக்கு வழியே ஒன்றோடொன்று ஒட்டாமல், நிதானமாகப் பாவிவிட்டு வீடு திரும்பினாள்.

அவர்கள் எறிந்ததை மைனாக்கள் தின்றன. அவள் பாத்தி மட்டும் பச்சைப் பாயாக எழுந்தது. அதன்முன் நின்று எடுத்த படங்களை விடுதிக்காரர்கள் போனில் போட்டார்கள்: ‘எங்கள் விருந்தினர்கள் வளர்த்த பயிர்.’ மகள் காளீஸ்வரி அதைக் காட்டியபோது உலகம்மாள் உதட்டைப் பிதுக்கினாள்.

இருபத்திரண்டாம் நாள் லோடு ஆட்டோவில் போய் இறங்கினாள். யாரையும் கேட்கவில்லை. நாற்றைப் பறித்து, கைப்பிடிக் கட்டுகளாக, முடிமுடியாகக் கட்டத் தொடங்கினாள்.

மணிகண்டபிரபு ஓடிவந்தான். “அக்கா, நாளைக்கு பெங்களூர்ல இருந்து கெஸ்ட் வாராவ. பறிக்காதீய!”

“வெத என்னுது. நட வேண்டிய நாளும் வந்துட்டு. நாத்து உனக்குப் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குமாலே?”

இவன்மேல் கோபப்படுவதுகூட வீண் என்று தோன்றியது அவளுக்கு. கடைசி முடியையும் ஆட்டோவில் ஏற்றினாள். மறுநாள் மதியத்துக்குள், குத்தகைப் பாட்டத்துக்குத் தான் எடுத்திருந்த அரை ஏக்கரில், நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு நட்டு முடித்துவிட்டாள்.