லட்சுமம்மா ஏறிய படி

பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் லட்சுமம்மா சமைக்கிற வீடுகள் எல்லாம் ஒரே லேஅவுட்டுக்குள் இருக்கின்றன. முன்பு அது ராகி வயல். நடுவே போன ஒற்றையடிப் பாதையில்தான் அவர் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடந்தார். வயல் போய் வீடுகள் வந்தபிறகும் நடந்தார். போன வருஷம் லேஅவுட் சங்கத்தார் பாதையின் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். மாடு வருகிறதாம், பைக் வருகிறதாம். நடந்து வருகிற மனுஷி மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை.

சுற்றிப் போனால் லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலை. அதனால் ஐம்பது தாண்டிய வயதில் லட்சுமம்மா கல்லை அடுக்கிச் சுவரேறிக் குதித்தார். ஒரு மழை நாளில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

"இன்னொரு வாட்டி விழுந்தா வேலைய விட்டுட வேண்டியதுதான்" என்றார் பக்கத்து வீட்டு விஜியிடம். "அப்புறம் காப்பித்தூளுக்கும் மருமக கையத்தான் பாக்கணும். அது என்னால ஆகாது."

விஜிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கம்ப்யூட்டரில் வரும் படங்களில் உள்ள பொருள்களுக்குப் பெயர் எழுத வேண்டும். ஒரு நாள் இங்கிலாந்து நாட்டுப்புறப் படம் ஒன்று வந்தது. வேலி, அதன் இரண்டு பக்கமும் மரப்படி. அதன் பெயர் ஸ்டைல் என்றாள் டீம் லீடர் டீனா. முடிவெட்டுகிற ஸ்டைல் இல்லை, எழுத்தே வேறு. ஆள் ஏறி இறங்கலாம், ஆடு மாடு தாண்டாது. ஸ்டேடியத்தில் ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல்தடுப்பின் ஆங்கிலப் பெயரான டர்ன்ஸ்டைலிலும் இதே சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். விஜிக்கு ஸ்டேடியம் எதற்கு? லட்சுமம்மாவின் சுவர்தான் நினைவுக்கு வந்தது.

படத்தோடு சங்கச் செயலாளர் சுந்தரமூர்த்தியைப் பார்த்தாள். யாரிடமும் முகம் சுளிக்காத மனிதர்.

"நல்ல ஐடியாம்மா. வெல்டர்கிட்ட சொல்லி இரும்புல போட்டுடலாம்."

சந்தோஷத்தில் விஜி வாயை விட்டாள். "அந்த ஊர்ல ஸ்டைல் இருந்தா, பெரும்பாலும் அந்தப் பாதை நடக்கிறவங்க உரிமையாம் சார். நிலத்துக்காரரே மறிக்க முடியாதாம்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "படி போடலாம்மா. இந்த உரிமை கிரிமையெல்லாம் மீட்டிங்ல பேசிடாதீங்க."

உரிமை என்றதும் கருணை காட்டுகிறவர்கள் ஓரடி பின்வாங்குகிறார்கள். ஆனாலும் மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. கைப்பிடியோடு படி வந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு போர்டும் வந்தது.

முதல் நாள் காலையில் லட்சுமம்மா அதைக் காட்டி, "என்ன எழுதியிருக்காங்க விஜி?" என்றார்.

விஜிக்குப் பொய் சொல்லிவிடலாமா என்றிருந்தது. சொல்ல மனம் வரவில்லை. "சங்கம் பர்மிஷன் குடுத்திருக்கிறதால இந்தப் படியில போலாமாம்க்கா. எப்ப வேணா நிறுத்துவாங்களாம்."

லட்சுமம்மா கைப்பிடியைப் பற்றி மெல்ல ஏறினார். உச்சியில் நின்று மூச்சு வாங்கினார்.

"சுவர் கட்டறப்ப என்கிட்ட யாருடி பர்மிஷன் கேட்டா?" என்றார், கோபமே இல்லாமல். பிறகு அந்தப் பக்கம் இறங்கி, சமைக்கப் போனார்.