ஏரிப் படத்தில் என் வீட்டுக்காரர்

அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தேன். நூலகத்துக்குள் ஒரு கண்ணாடி அறை, அதில் பத்து கம்ப்யூட்டர். கல்லூரி சந்தா கட்டியிருந்ததால் பாடப் படங்கள் அதில் ஓடும். எரிமலை, யானை, இதயம் துடிப்பது எல்லாம் அங்கேதான் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷ் விளங்காது. துடைப்பத்தோடு பின்னால் நின்று படத்தை மட்டும் பார்ப்பேன்.

ஒருநாள் விலங்கியல் பிள்ளைகளுக்குப் பழவேற்காடு ஏரிப் படம் ஓடியது. எங்கள் ஊர்ப் பாடு முறையைக் காட்டினார்கள். பாடு என்றால், யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பது. முறைக்காகக் கரையில் காத்திருந்தவர்கள் நடுவில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். யாரையோ பார்த்துச் சிரித்தார், ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. கேட்டது இங்கிலீஷ் குரல்.

அவர் காய்ச்சலில் போய் இருபது வருஷம் ஆகியிருந்தது. அப்போது மகள் கைக்குழந்தை. இருந்த ஒரே போட்டோவும், கடல் ஊருக்குள் வந்தபோது பெட்டியோடு போயிற்று. அவளுக்கு அப்பா முகமே தெரியாது.

அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவளுக்கோ கம்பெனியில் ஞாயிறு மட்டும்தான் லீவு. அன்றைக்கு நூலகம் மூடியிருக்கும். வெளியாட்களை விடவும் மாட்டார்கள். நூலக சாரிடம் கேட்டால் ஒருவேளை விடுவார். கேட்க வாய் வரவில்லை. அத்தனை பேர் நடுவில் அது என் புருஷன் என்று எப்படிச் சொல்வது? ஒரு மாணவியிடம் மட்டும், "கண்ணு, அந்த ஏரிப் படத்தப் போடேன்" என்பேன்.

"இன்னா ஆயா, மறுபடியும் அதேவா? பரீட்ச எழுதப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே போடுவாள்.

மகளிடமும் சொல்லவில்லை. அலமாரிப் புத்தகம் போலப் படமும் அங்கேயே இருக்கும், மெதுவாகக் காட்டலாம் என்று இருந்துவிட்டேன்.

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோதுதான் சொன்னேன். மறுநாளே லீவு போட்டுக்கொண்டு வந்தாள். அவளே சாரிடம் கேட்டாள். சார் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார்.

"இந்த வருஷம் சந்தா கட்டலம்மா. படம் வராது."

"கம்ப்யூட்டர்லதான சார் இருந்துச்சு? தெனம் தொடச்சி வக்கிறேனே" என்றேன்.

"அதுக்குள்ள இல்லம்மா. எங்கியோ வெளிநாட்ல இருக்குது, லைன்ல வந்து ஓடும். அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, படத்த நிறுத்தி அவர் மொகத்த பிரிண்ட் எடுத்துக் குடுத்திருப்பேனே."

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் மகள் கேட்டாள்.

"எத்தினி வாட்டி பாத்த?"

"ஏழெட்டு வாட்டி இருக்கும்."

"நீ மட்டும் பாத்துக்கினு இருந்துட்ட. எங்கிட்ட சொல்றதுக்குக்கூடவா வெக்கம்?"

பிறகு அவளே, "சரி, எப்டி இருந்தாரு, சொல்லு" என்றாள்.

நீலச் சட்டை என்றேன். தலையில் துண்டு கட்டியிருந்தார் என்றேன். சிரித்தார் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவள் பஸ் வரும் பக்கம் பார்த்தபடியே, "ம், அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.